பகலில் தொழில், அந்தியில் பாடம்

ஸஹீஹுல் புகாரீயின் 'கிதாபுல் இல்ம்' என்னும் கல்விப் பகுதியில், 'தனாவுப்' என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய சிறு பாடம் ஒன்று உண்டு. முறை வைத்துக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஒரே ஒரு ஹதீஸ்தான் அதில் இடம் பெற்றிருக்கிறது. மத்ரஸாக்களில் அதை ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுவர். ஆயினும், உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்க விழையும் இக்கால இளைஞர்களைப் பற்றிச் சிந்திக்கப் புகுவோர் அப்பாடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது எமது கருத்து.

செய்தி இதுதான். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனா நகரின் மேட்டுப் புறத்தில் பனூ உமய்யா இப்னு ஜைத் கூட்டத்தார் குடியிருந்த பகுதியில் வாழ்ந்து வந்தார்கள். மஸ்ஜிதுன் நபவீ அங்கிருந்து சற்றுத் தொலைவு. அவர்களுக்கு அன்சாரித் தோழர் ஒருவர் அண்டை வீட்டார். இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர், அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் மற்றவருக்கு வந்து சொல்ல வேண்டும். சபைக்குச் செல்லாத நாளில் தத்தம் பிழைப்பைப் பார்த்துக் கொள்வர். கல்வி தேடுவோன் தன் வாழ்வாதாரத்தைக் கவனிப்பதையும் மறந்துவிடலாகாது என்ற படிப்பினை இதில் அடங்கியிருப்பதாக இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் பாரீ'யில் குறித்திருக்கிறார்கள்.

இத்துடன் நிறுத்திக் கொண்டால் செய்தி பாதியாகிவிடும். அதே புகாரீயில், வியாபாரம் பற்றிய பகுதியில் வேறொரு நிகழ்ச்சி வருகிறது. அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள், கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வந்து அனுமதி வேண்டினார்கள். மறுமொழி வராமற் போகவே திரும்பிச் சென்றுவிட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று கேட்கப்பட்டபோது, இதுவே எமக்கு ஏவப்பட்ட முறை என்றார்கள். அதற்குச் சான்று கொண்டுவரும்படி உமர் (ரலி) பணித்தார்கள். அன்சாரிகளின் கூட்டத்தில் இருந்த மிக இளையவரான அபூஸயீத் அல் குத்ரீ (ரலி) எழுந்து வந்து சாட்சியம் கூறினார்கள். இளைஞர் ஒருவர் அறிந்த நபிமொழி தமக்குத் தெரியாமற் போனது எவ்வாறு என்று வியந்த உமர் (ரலி) அவர்கள், காரணத்தையும் தாமே சொன்னார்கள். கடைத்தெருக் கொள்முதலும் விற்பனையும் தம் கவனத்தைத் திருப்பி விட்டன என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் வேறு வகையினர். முஹாஜிர் சகோதரர்களைக் கடைத்தெருவும், அன்சாரிச் சகோதரர்களை அவர்தம் தோட்டந்துரவும் பிணித்திருந்த வேளையில், வயிற்றுக்குக் கிடைத்த மட்டும் போதும் என்று தாம் நபிகளாரை விட்டுப் பிரியாமல் இருந்ததாகவும், அதனாலேயே தம்மிடம் ஹதீஸ்கள் மிகுந்திருப்பதாகவும் அவர்களே கூறியுள்ளார்கள். முழு நாளையும் ஒப்புக் கொடுத்தவர் பெற்றது ஒன்று. பாதி நாளைக் கொடுத்தவர் பெற்றது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று இளைஞர்களுக்கு ஆசை காட்டுவது நேர்மையாகாது. அதே நேரத்தில், பாதி நாளைக் கொடுத்தவர்தாம் உம்மத்தின் இரண்டாம் கலீஃபா ஆனார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிற்கால உலமாப் பெருமக்களின் பெயர்களை நோக்கினால் கடைவீதியே கண்முன் தோன்றும். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச் சாந்து வேலைக்காரர். ஸஜ்ஜாஜ் கண்ணாடித் தொழிலாளி. கஃப்பால் பூட்டுச் செய்பவர். பெயரில் தொழில் இருப்பதாலேயே ஒவ்வொருவரும் அத்தொழிலைச் செய்தார் என்று கொள்ளவும் இயலாது. தந்தையின் தொழிலும், ஏன், குடியிருந்த தெருவின் பெயருங்கூட ஒருவர் மீது ஒட்டிக் கொள்வதுண்டு. எனினும் இருவரைப் பற்றி ஐயமின்றிச் சொல்லலாம்.

முதலாமவர் நஹ்வுக் கலையின் மேதை அபூ இஸ்ஹாக் அஸ்ஸஜ்ஜாஜ். ஹிஜ்ரி 311-இல் (கி.பி. 923) பக்தாதில் காலமானவர். இளமையில் கண்ணாடி கடைந்து பிழைத்தவர். நாளொன்றுக்கு அவர் ஈட்டியது ஏறத்தாழ ஒன்றரை திர்ஹம். இலக்கணம் கற்கும் வேட்கை மூளவே, அக்காலத்தில் பக்தாதில் ஒப்பற்றவராய் விளங்கிய முபர்ரதை நாடிச் சென்றார். முபர்ரத் கூலியின்றிக் கற்பிப்பவர் அல்லர். கூலிக்குத் தகுந்த அளவே கற்பிப்பவர். உம் தொழில் என்ன, வரும்படி என்ன என்று வினவினார். இவரும் உள்ளதைச் சொல்லி, நாள்தோறும் ஒரு திர்ஹம் தருவதாகவும், கல்வி முடிந்த பின்பும் மரணம் பிரிக்கும் வரை அதைத் தந்துகொண்டே இருப்பதாகவும் ஒப்பந்தம் செய்தார். ஒன்றரையில் ஒன்று போனால் எஞ்சுவது அரை திர்ஹம்! அதைக் கொண்டு எப்படிக் காலம் தள்ளினாரோ, அது குறித்து நூல்களில் ஒன்றும் இல்லை. கற்றுத் தேர்ந்த பின் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக முபர்ரதே அவரை அனுப்பி வைத்தார். அங்கே கிடைத்த ஊதியத்திலிருந்து மாதம் முப்பது திர்ஹத்தை ஆசிரியருக்கு அனுப்பி வந்தார் ஸஜ்ஜாஜ். பின்னர் அமைச்சர் உபைதுல்லாஹ் இப்னு ஸுலைமான் தம் மகனுக்கு ஆசிரியர் ஒருவரைத் தேடியபோதும், முபர்ரத் சுட்டிக் காட்டியது இக்கண்ணாடித் தொழிலாளியைத்தான்.

இரண்டாமவர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நெருங்கியவர். ஃபிக்ஹு நூல்களில் 'கஃப்பால்' என்று வரும்போது மாணவர்கள் அடிக்கடி குழம்புவர். ஷாஷ் நகரத்துப் பெரிய கஃப்பால் வேறு; மர்வு நகரத்துக் கஃப்பால் வேறு. நாம் சொல்வது ஹிஜ்ரி 417-இல் (கி.பி. 1026) மறைந்த மர்வு நகரத்து அபூபக்ர் அப்துல்லாஹ் அல் கஃப்பால் (ரஹ்) அவர்களைப் பற்றி. முப்பது வயது வரை பூட்டுத் தொழிலே அவர்களின் தொழில். நான்கு தானிய எடையில் சாவியுடன் கூடிய பூட்டொன்றைச் செய்த அளவுக்குக் கைத்திறன் உடையவர்கள். முப்பதாம் வயதில் ஃபிக்ஹு படிக்கத் தொடங்கி, தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, குராஸான் நாட்டு ஷாஃபிஈ அறிஞர்களுக்கெல்லாம் தலைவராயினர். அவர்களின் கையில் பழைய தொழிலின் தழும்புகள் இறுதி வரை மறையவில்லை என்றும், அவற்றை அவர்களே காட்டிப் பேசுவார்கள் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர்.

இனி, தலைப்புக்குரிய கலைக்கு வருவோம். கணிப்பொறிக் கலையில் அடிக்கடி வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல், கலீஃபா மஃமூனின் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீயின் பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து உருவானது. இதை மேடைதோறும் சொல்லிப் பெருமை கொள்வது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அவரது 'அல்ஜப்ர்' நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கீடு ஆகியவற்றின் கணக்குகள் என்பதைச் சொல்வோர் மிகச் சிலரே. ஃபராயிள் ஓதிய மாணவன் அந்நூலைப் பிரித்தால் தன் பாடமே அங்கிருக்கக் காண்பான். பெருமை ஒருபுறம் இருக்க, கணிப்பொறி இன்றுள்ள உருவில் பிறந்தது அண்மைக் காலத்து மேனாடுகளில். அங்கும் அதன் இளமைப் பருவம் மாலை வகுப்புகளோடு பின்னிக் கிடக்கிறது என்பதுதான் வியப்பு.

இலண்டன் மாநகரில் பிர்க்பெக் என்றொரு கல்லூரி. ஜார்ஜ் பிர்க்பெக் என்ற மருத்துவர், கிளாஸ்கோ நகரில் கைவினைஞர்களுக்கு இலவசச் சொற்பொழிவுகள் ஆற்றிய அனுபவமுடையவர். அவரும் அவருடைய நண்பர்களும் 1823-ஆம் ஆண்டில் 'இலண்டன் தொழிலாளர் கல்விக் கழகம்' ஒன்றை நிறுவினர். பட்டறையில் வேலை செய்பவனுக்கு அறிவியல் எதற்கு, அது தீமையின் வித்து என்று அன்றைய பத்திரிகையில் எழுதியோரும் இருந்தனர். கழகம் அதற்கெல்லாம் அஞ்சவில்லை. 1830-ஆம் ஆண்டிலேயே பெண்களையும் மாணவராகச் சேர்த்துக் கொண்டது. 1920-இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. பகலில் சம்பாதித்து மாலையில் படிப்போருக்கே உரிய கல்லூரி என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மற்றக் கல்லூரிகள் இலண்டனை விட்டு வெளியேறிய நாளிலும் பிர்க்பெக் வெளியேறவில்லை; இருட்டடிப்பின் காரணமாக வகுப்புகளை வார இறுதிப் பகற்பொழுதுக்கு மாற்றிக் கொண்டு நடத்தியது.

அக்கல்லூரிக்குப் போர் முடிந்த வேளையில் ஆண்ட்ரூ டொனால்டு பூத் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். படிகங்களின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அவற்றின் உள்ளமைப்பைக் கண்டறிவது அவரது துறை. கதிர்ப்படம் எடுப்பது எளிது. அதிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டு எடுப்பதுதான் மாதக்கணக்கில் நீளும் வேலை. அந்தக் கணக்கின் சுமையே அவரை இயந்திரம் செய்யத் தூண்டியது. கேத்லீன் பிரிட்டன் என்ற கணித வல்லார் அவருக்குத் துணையாயினர். 1947-இல் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகர் சென்று, கணிப்பொறி அமைப்பைப் பற்றி வான் நாய்மனிடம் அறிந்து திரும்பினர். 1950-இல் கேத்லீன் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது.

வசதி என்று சொல்ல அங்கு ஒன்றும் இல்லை. பணமும் இல்லை, ஆளும் இல்லை. எண்களைச் சேமித்து வைக்க இரண்டங்குல விட்டத்தில் காந்த உருளை ஒன்றைச் செய்தார் பூத். பெருக்கற் கணக்கைக் கணிப்பொறி விரைந்து செய்வதற்கு அவர் 1950-இல் கண்ட வழி இன்றும் 'பூத் முறை' என்ற பெயரிலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இயந்திரத்துக்குரிய ஆணைகளை வெறும் எண்களாக எழுதாமல் குறியீடுகளால் எழுதும் முறையை வகுத்த முன்னோடிகளில் கேத்லீனும் ஒருவர். 1957-ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் கணிப்பொறிக் கலைக்கென்றே தனித்துறை ஏற்பட்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக் கழகம் 1962-இல்தான் அத்தகைய துறையைத் தொடங்கிற்று. ஆக, பகல்நேரப் பல்கலைக் கழகங்கள் பல இக்கலையைத் தனித்துறையாக மதிக்கத் தயங்கிய நாளில், மாலைநேரக் கல்லூரி ஒன்று கதவைத் திறந்து விட்டது! அலுவலகத்திலும் ஆலையிலும் பகலைக் கழித்து, ஆறு மணிக்கு மேல் வந்து அமர்ந்தோரே அங்கு மாணவர். 1958-இல் கேத்லீன் பூத் வெளியிட்ட கணிப்பொறி நிரல் நூல், இத்துறையில் எழுந்த முதற்சில நூல்களுள் ஒன்று.

இக்கதையின் ஒரு கிளை நம் நாட்டுக்கும் நீள்கிறது. பூத் வகுத்த அமைப்பைத் தழுவி பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் என்ற நிறுவனம் 1951-இல் இயந்திரம் ஒன்றைச் செய்தது. அதன் வழிவந்த ஹெச்.ஈ.சி. 2எம் என்ற கணிப்பொறியை, மஹலனோபிஸ் தலைமையில் இயங்கிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம் வாங்கிற்று. 1955-56-இல் அங்கு நிறுவப்பட்ட அதுவே இந்திய மண்ணில் நிறுவப்பட்ட முதல் இலக்கக் கணிப்பொறி. அதன் நினைவகத்தில் அடங்கியவை 1,024 சொற்களே. இன்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் செல்போனின் ஒரு மூலைக்கும் அது ஈடாகாது. பகல் உழைப்பாளிகளுக்கென எழுந்த கல்லூரியில் கருக்கொண்ட இயந்திரந்தான் நம் தேசத்தின் ஐந்தாண்டுத் திட்டக் காலத்துப் புள்ளி விவரங்களைக் கணக்கிட வந்தது.

ஆனால், பூத் தம்பதியரின் முடிவு மகிழ்ச்சி தருவதன்று. இத்தனை செய்த பிறகும் பல்கலைக் கழகம் ஆண்ட்ரூ பூத்துக்குப் பேராசிரியர் பதவியை வழங்கவில்லை. 1962-இல் இருவரும் நாட்டை விட்டே வெளியேறிக் கனடாவுக்குச் சென்றனர். அங்கே சஸ்காச்சுவான் பல்கலைக் கழகம் அவர்களை ஏற்றது. பின்னாளில் ஆண்ட்ரூ பூத் லேக்ஹெட் பல்கலைக் கழகத்தின் தலைவராகவே உயர்ந்தார். அவர் 2009-இலும், கேத்லீன் நூறு வயது நிறைந்து 2022-இலும் மறைந்தனர். மாலைக் கல்லூரிதானே என்ற இளக்காரம் அந்த மறுப்பில் இருந்ததா என்பதை நாம் தீர்மானிக்க இயலாது. ஆனால், மாலை வகுப்பில் பெற்ற பட்டத்தைக் குறைத்து மதிக்கும் நோய் நம்மிடையேயும் உண்டு. பெண் பார்க்கும் வீடுகளில், 'ரெகுலரில் படித்தாரா, கரஸில் படித்தாரா?' என்று கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஸஜ்ஜாஜை அப்படிக் கேட்டிருந்தால் அவர் என்ன விடை சொல்லியிருப்பார்!

இலண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் நெடுந்தொலைவன்று. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930-இல் ராட்டர்டாமில் பிறந்தவர். லைடன் பல்கலைக் கழகத்தில் பௌதிகம் படித்து வந்தவர், 1951-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மூன்று வாரக் கணிப்பொறிப் பயிற்சிக்குச் சென்று வந்தார். மறு ஆண்டு, 1952-இல், ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித ஆய்வு மையத்தில் நிரல் எழுதுபவராகப் பணியமர்ந்தார். படிப்பு லைடனில், பிழைப்பு ஆம்ஸ்டர்டாமில். மூன்றாண்டு இப்படிக் கழிந்த பின், இரு படகில் கால் வைத்தவனாக இருக்க முடியாது என்ற நிலை வந்தது. பௌதிகமா, நிரல் கலையா? நிரல் எழுதுதல் என்பது ஒரு கல்வித்துறையாகவே மதிக்கப்படாத காலம் அது. தம் மேலாளரான வான் வைங்கார்டனிடம் மனம் விட்டுப் பேசினார். கணிப்பொறிகள் நிலைத்து நிற்கப் போகின்றன, இதை ஒரு மதிப்புள்ள துறையாக ஆக்கும் பொறுப்பு உம்மைப் போன்றோர்க்கு வரக்கூடும் என்று அவர் ஊக்கமளித்தார். தொடங்கிய பௌதிகப் படிப்பை 1956-இல் முடித்துவிட்டு, பணியில் முழுமையாக மூழ்கினார் டைக்ஸ்ட்ரா.

1957-இல் அவருக்குத் திருமணம். தொழில் என்ன என்ற கேள்விக்கு 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படியொரு தொழில் இல்லை என்று மறுத்துவிட்டனர் நகராட்சியார். பௌதிக அறிஞர் என்று எழுதும்படி ஆயிற்று. இது அவரே பிற்காலத்தில் சொன்னது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மிகக் குறுகிய வழியைக் காணும் அவரது புகழ்பெற்ற முறை 1956-இல் பிறந்தது. தம்மை மணக்கவிருந்த பெண்ணுடன் கடைவீதி சென்று களைத்து, காப்பிக் கடையில் அமர்ந்திருந்த இருபது நிமிடத்தில், தாளும் எழுதுகோலும் இன்றி மனத்திலேயே அதை அமைத்தார். இன்று வழிகாட்டும் வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து முழுநேரமும் சிந்தித்தவருக்குக் கிடைத்ததன்று. உழைத்த மனிதனின் ஓய்வு வேளையில் கிடைத்தது. மையத்தின் வேலையைச் செய்துகொண்டே 1959-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த ஆய்வின் பொருள் எது? தம் மையம் அப்போது உருவாக்கிக் கொண்டிருந்த எக்ஸ் 1 என்ற கணிப்பொறியோடு வெளிக் கருவிகள் தொடர்பு கொள்ளும் முறை! அன்றாட அலுவலே ஆராய்ச்சியாயிற்று. வேலையும் படிப்பும் வெவ்வேறு திசையில் இழுத்த காலத்தில் திணறியவர், இரண்டும் ஒரே திசையில் திரும்பியதும் தழைத்தார் என்பது நுணுகி நோக்கத் தக்கது. 1972-இல் இத்துறையின் மிக உயர்ந்த ட்யூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் இம்முயற்சி வேறு உருவம் கொண்டது. அங்கே முதலாளிகளே மாணவனைக் கல்லூரிக்கு அனுப்பினர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகப் பொறியியல் துறைத் தலைவர் ஃபிரெடெரிக் டெர்மன் 1954-இல் தொடங்கிய திட்டத்தின்படி, சுற்றுப்புறத் தொழில் நிறுவனங்களின் பொறியாளர்கள் வேலையில் இருந்தவாறே முதுநிலைப் பட்டம் படிக்கலாயினர். கட்டணத்தைச் செலுத்தியவை நிறுவனங்கள். 1969 முதல் பாடங்கள் தொலைக்காட்சி அலைவரிசை வழியாக அந்நிறுவனங்களின் அறைகளுக்கே சென்றன. பிற்காலத்தில் 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' எனப் பெயர் பெற்ற அந்நிலப்பகுதியின் வளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். இதைப் படிக்கும்போது எமக்கு நினைவு வருவது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். பட்டுத்துணி வணிகம் செய்துகொண்டே சட்டக் கலையை வளர்த்த அப்பெருந்தகை, வறுமையால் பாடத்தை விட்டு விலகவிருந்த மாணவர் அபூயூஸுஃபுக்குப் பணப்பை கொடுத்து, தீர்ந்தால் சொல்லும்படி பணித்தார்கள். அம்மாணவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் தலைமைக் காஜி.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014 ஜனவரியில் தொடங்கிய இணையவழிக் கணிப்பொறி முதுநிலைப் படிப்பு இவ்வரலாற்றில் அடுத்த பெரிய திருப்பம். அதே கழகத்தின் அதே பட்டம். முழுப் படிப்புக்கும் ஏறத்தாழ 7,000 டாலர் மட்டுமே. பத்துப் பாடங்கள், பருவத்துக்கு ஒன்றாகவும் படிக்கலாம், ஆறு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். இதுவரை பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டம் பெற்றுள்ளனர். பொருளியல் அறிஞர்கள் சிலர் அதன் தொடக்க ஆண்டுகளின் விண்ணப்பங்களை ஆராய்ந்தனர். நேரில் சென்று படிக்க விண்ணப்பித்தோரின் சராசரி வயது 24 ஆக இருக்க, இதற்கு விண்ணப்பித்தோரின் வயது 34 என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வேலையில் உள்ளவர் என்றும் கண்டனர். பூட்டுப் பட்டறையை விட்டு எழுந்தபோது மர்வு நகரத்துக் கஃப்பால் அவர்களுக்கிருந்த வயதை விட நான்கு கூடுதல்.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. இராஜஸ்தானத்துப் பிலானி நகரின் பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம் 1979 முதலே வேலையில் உள்ளோருக்கெனத் தனிப் பட்டப் படிப்புகளை நடத்தி வருகிறது; மென்பொருள் அமைப்புகளில் முதுநிலைப் பட்டமும் அவற்றுள் ஒன்று. அதே 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமும், 1981-இல் சென்னைப் பல்கலைக் கழகமும் அஞ்சல்வழிக் கல்விக்குத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின.

இவ்வளவையும் நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் இன்று இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. 'வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன படிப்பு? மாதாமாதம் பணத்தை அனுப்பு' என்பது ஒரு குரல். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் பலரின் வேட்கை இக்குரலில் அடங்கிப் போகிறது. 'இருக்கிற வேலையை உதறிவிட்டு, கடன் வாங்கியாவது மேனாடு போய்ப் படி' என்பது மற்றொரு குரல். அந்தக் கடன் பெரும்பாலும் வட்டிக் கடன் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வட்டி ஹராம் என்பது மிம்பரில் கேட்டுவிட்டு மறந்துபோகும் செய்தியன்று. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் பல லட்சத்தை ஏற்றிக் கப்பலேற்றும் தந்தை, இரவில் நிம்மதியாகத் துயில்வது எங்ஙனம்? சம்பளத்தில் பருவத்துக்கு ஒரு பாடம் என்ற கணக்கில் கடனின்றி முதுநிலைப் பட்டம் பெற முடியும் என்ற நிலை, இத்தலைமுறைக்கு அல்லாஹ் திறந்துவிட்ட வாசல் என்றே யாம் கருதுகிறோம்.

எனினும் இதற்கும் விலை உண்டு. பகல் முழுதும் அலுவல். இஷாத் தொழுகைக்குப் பின் பாடம். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒரு பாடத்துக்குத் தேவைப்படும் என்பர். அந்த நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்தும், மனைவி மக்களிடமிருந்தும்தான் வர வேண்டும். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள், தம் சகோதரராக ஆக்கப்பட்டிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அன்னாரின் துணைவியார் தம்மைப் பேணாத கோலத்தில் இருக்கக் கண்டார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாகக் கழித்த கணவருக்கு இல்லத்தின் நினைவே இல்லாதிருந்தது. இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று ஸல்மான் (ரலி) கூறினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மை என்று உறுதி செய்தார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இந்த வரம்பு என்றால், பட்டப் படிப்புக்கு வேறு சட்டம் இருக்க முடியுமா? ஆகவே தொடங்குமுன் மனைவியிடம் மஷூரா செய்தாக வேண்டும். எந்த இரவு பாடத்துக்கு, எந்த இரவு வீட்டுக்கு என்று முறை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் இரண்டு என்று எண்ணாமல் நான்கு, ஐந்து என்று எண்ண வேண்டும்.

மனைவி படிக்க விரும்பினால்? கணவனின் படிப்புக்காக வீடு முழுவதும் மூச்சடக்கி இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியையாகப் பணிபுரியும் மருமகள் புத்தகம் விரித்தால் அதே வீட்டில் பாத்திரச் சத்தம் கூடி விடும். இத்துறையின் முதல் முனைவர்களுள் ஒருவரே ஒரு பெண்மணி என்பதை அவ்வீட்டார்க்குச் சொல்ல வேண்டும். மேரி கென்னத் கெல்லர் என்பவர் கத்தோலிக்கக் கன்னித் துறவி. 1940-இல் துறவுறுதி எடுத்தவர். பள்ளி ஆசிரியப் பணியினூடே சிறுகச் சிறுகப் படித்து முன்னேறி, 1965 ஜூன் 7-ஆம் நாள் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அதன்பின் அயோவா மாநிலத்து டுபுக் நகரில் தம் சபையார் நடத்திய கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, இருபது ஆண்டுக் காலம் அதற்குத் தலைமை தாங்கினார். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, படிக்கவும் வந்த தாய்மாரிடம், குழந்தையை விட்டுவர இடமில்லையானால் வகுப்புக்கே தூக்கி வரும்படி சொன்னவர் அவர். 1985-இல் அவர் மறையும் வரை அந்த வழக்கத்தை அவர் மாற்றிக் கொள்ளவில்லை.